மத்தியதரைக்கடல் பயணத் திட்டத்தில் எளாவூரின் இடம்: ஒரு முன்னோடி ஆய்வு

ஆய்வுப் பொருள்

பழைய நகரம் இரண்டு, தீவு ஒன்று. மத்தியதரைக்கடல் பக்கம் குடும்பத்தோடு சுற்றுலா போக நினைப்பவர் எவரானாலும் கடைசியில் வந்து நிற்கும் சூத்திரம் இதுதான். ரோம், ஏதென்ஸ், சாண்டோரினி என்பது மூலபாடம். பார்சிலோனா, ரோம், சிசிலி என்பது பாடபேதம். இஸ்தான்புல்லையும் நுழைப்பவர்கள் உண்டு; அதற்குத் தனி விசா என்பதால் அதை இடைச்செருகல் என்று ஒதுக்கிவிடலாம்.

சூத்திரத்தின் உட்பொருள் எளிது. முதல் நகரத்தில் கல்தூணைப் பார்த்ததும் மெய்சிலிர்க்கிறது. இரண்டாம் நகரத்தில் தூணைப் பார்த்ததும் முதல் நகரத்துத் தூண் ஞாபகம் வருகிறது. மூன்றாவது ஊரிலும் தூண்தான் என்றால் கணவன் மனைவி பேசிக்கொள்வது நின்றுபோகும். ஆகவே மூன்றாவது இடத்தில் தண்ணீரை வைத்தார்கள். இது அனுபவத்தில் கண்ட உண்மை. காஞ்சிபுரத்தில் ஒரே நாளில் ஐந்து கோயில் பார்த்த எவரும் இதை மறுக்கமாட்டார்.

ஆனால் இடங்களைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. எதை முதலில் பார்ப்பது, எங்கே எத்தனை நாள், யார் சொல்வது சட்டம் என்ற மூன்று கேள்விகளில்தான் திட்டங்கள் கவிழ்கின்றன. இக்கேள்விகளுக்கான விடை திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்து எளாவூருக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் சேற்றில் கழி நட்டு வைக்கப்பட்டிருக்கிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

முன்னாய்வுகள்

இல்லை.

களம்

எளாவூரைத் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. இந்தியாவின் லாரி ஓட்டுநர்களுக்கு நன்றாகத் தெரியும். சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் வடக்கிலிருந்து வரும் சரக்கு வண்டி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து முதலில் மூச்சுவிடும் இடம் எளாவூர் சோதனைச் சாவடி. ரயிலில் வந்தால் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்து எளாவூர், அடுத்து ஆரம்பாக்கம், அதற்கடுத்த தடா ஆந்திரம். டீக்கடையில் இரண்டு மொழியிலும் சர்க்கரை கம்மியாகக் கேட்கலாம்.

ஐரோப்பாவில் இதற்கு இணையான ஏற்பாட்டுக்கு ஷெங்கன் என்று பெயர். உள்ளே நுழைந்துவிட்டால் நாட்டுக்கு நாடு கேள்வி கிடையாது, நுழைவதற்குத்தான் பாடு. 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. பெரியவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனுப் போடலாம், கடைசி 15 நாளுக்குள் போனால் வாங்கமாட்டார்கள். எல்லாவற்றையும்விட நுட்பமான விதி ஒன்று உண்டு: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும், நாள்கள் சமமென்றால் முதலில் கால் வைக்கும் நாட்டிடம். அதாவது, விசா கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே எங்கே எத்தனை இரவு என்று குடும்பம் முடிவு செய்திருக்க வேண்டும். மாநில எல்லையில் வாழும் மக்களுக்கு இந்த விதி புரியாமல் போகாது. 1960 ஏப்ரல் முதல் தேதி ஆந்திரமும் சென்னை மாநிலமும் எல்லையைத் திருத்திக்கொண்டபோது, வீட்டைவிட்டு ஓர் அடி எடுத்து வைக்காமலே மாநிலம் மாறியவர்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. பல இடப் பயணத்தில் இதுவே செலவு குறைந்த வகை.

எல்லையைப் பொருட்படுத்தாத பயணிகளும் இங்கே உண்டு. குளிர்காலத்தில் ஏரியின் ஆழமில்லாத பகுதிகளில் வந்து நிற்கும் பூநாரையும் தெற்குப் பிரான்ஸின் கமார்க் சதுப்பில் நிற்கும் பூநாரையும் ஒரே இனம். சிவந்த கால், வளைந்த அலகு, தலைகீழாகச் சாப்பிடும் பழக்கம் எல்லாம் அதேதான். மத்தியதரைக்கடல் பூநாரை காப்பீட்டுச் சான்று இல்லாமல் சார்டினியாவுக்குப் போகிறது. இந்தியப் பூநாரை கட்ச் பாலையில் பிள்ளை பெற்றுவிட்டு இந்தப் பக்கம் வருகிறது. இரண்டும் எந்த மாதம் எங்கே என்பதில் குழப்பிக்கொள்வதில்லை. குடும்பத்தில் ஆலோசனை கேட்காததே காரணமாக இருக்கலாம்.

இப்படி எல்லை தாண்டி வந்த பொருள்களில் பவளம். மத்தியதரைக்கடலடியில் எடுத்த சிவப்புப் பவளம் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்து யூத வணிகர்கள் கைக்கு வந்து, லண்டன் போய், கப்பலேறி சென்னைக்கு வந்து, வைரத்துக்கு மாற்றானது. மண்ணடிப் பக்கத்துப் பவளக்காரத் தெரு இதற்குச் சாட்சி. ஆக, பாட்டி கழுத்தில் தாலியோடு கோத்த பவளமணி ஒருவேளை பேரன் போக ஆசைப்படும் ஊரிலிருந்தே வந்திருக்கும். பாட்டியிடம் இதைச் சொல்லியும் பேரனுக்கு டிக்கெட் பணம் பெயரவில்லை.

நகரமும் தீவும்

சூத்திரப்படி முதலில் நகரம். ஏரிக்கரையில் இருக்கும் பழவேற்காட்டு ஊரை ஒரு நகரம் என்று கணக்கிடுவதா, நான்கு என்று கணக்கிடுவதா என்பதில் ஆய்வாளருக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. விஜயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது; அதன் செம்புரைக் கல்லில் விரல் நீளச் சிற்பங்களாக இராமாயணம் ஓடுகிறது. போர்ச்சுக்கீசியர் வந்து, 1515இல் எழுப்பியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில் இருக்கிறது. அரபுத் தமிழில் எழுதிப் படித்த மரைக்காயர் வீடுகளும், தொழுகை நேரம் பார்க்கச் சூரியக் கடிகாரம் வைத்த பள்ளிவாசலும் இருக்கின்றன. பிறகு டச்சுக்காரர்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டை. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். துணி, வெடிமருந்து ஆகியவற்றோடு, அடிமைகளாக மனிதர்களையும் இங்கிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இப்போது கோட்டை ஒரு மேடு, மேட்டின்மேல் முள்செடி, சுற்றிலும் அகழியின் மிச்சம். ஆனால் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் காவலில் நன்றாகவே இருக்கிறது. வாசலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. ரோமில் இத்தகைய வரவேற்புக்குத் தனிக் கட்டணம். கல்லறைகளின்மேல் டச்சு எழுத்தில் பெயரும் குலச்சின்னமும் துல்லியமாகப் பொறித்திருக்கிறார்கள். கப்பலேற்றப்பட்டவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

இனித் தீவு. இந்த ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவில் நெடுக்காகப் படுத்திருக்கும் ஸ்ரீஹரிகோட்டா, உலகத் தீவுகளில் தனி ரகம். மற்றத் தீவுகளுக்கு மனிதர்கள் போகிறார்கள். இந்தத் தீவிலிருந்து விண்கலங்கள் நிலாவுக்குப் போகின்றன. 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய சந்திரயான்–3 பூமியைச் சுற்றிச் சுற்றி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, பிறகு நிலாவைச் சுற்றி வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டு, ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது. இவ்வட்டாரத்திலிருந்து திட்டமிட்டபடி நடந்த பல கட்டப் பயணங்களில் இதையே சிறந்ததென்று கொள்ளலாம். எளாவூர் மொட்டைமாடியிலிருந்து ராக்கெட்டைப் பார்க்க முடியும், இலவசமாக. பார்வையாளர் மாடத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் முன்பதிவு செய்து சூளூர்ப்பேட்டை வழியாகப் போக வேண்டும். ராக்கெட் போகும் நாளில் மீனவர்கள் அந்தக் கடற்பகுதிக்குப் போகக்கூடாது. நிலாவுக்குப் போகிற கலத்தின் பயணத் திட்டம் இறாலுக்குப் போகிறவர்களின் பயணத் திட்டத்தை ரத்து செய்வது இங்கே வழக்கம்.

ஏரிக்குள் இருக்கம் தீவும் உண்டு. ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் அங்கே தமிழ் கேட்கும்; தடா பக்கத்துத் துறையிலிருந்து படகு. கிரேக்கத் தீவுகளுக்கு ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்னும் வடகாற்று வீசினால் படகை நிறுத்திவிடுகிறார்கள். இங்கே காற்றை மட்டும் நம்ப முடியாது, முகத்துவாரம் தூர்ந்து ஏரியே ஆழம் குறைந்துகொண்டிருக்கிறது. வெனிஸ்காரர்கள் தங்கள் காயல் வண்டல் படிந்து தூர்ந்துவிடக்கூடாது என்று ஆறுகளையே திருப்பிவிட்டார்கள். நாம் கோரிக்கை மனுவை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குத் திருப்பிவிடுகிறோம்.

இவ்விடத்தில் ஆய்வாளர் கேலியை நிறுத்திக்கொள்கிறார். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை இருக்கிறது என்று தெரிந்தும் கரையில் "கொஞ்ச தூரம் மட்டும்" என்று பேரம் பேசுகிறவர்களுக்கு எந்தத் தீவும் தேவையில்லை.

வரிசைச் சிக்கல்

மூன்று இடங்களை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். ஐந்து இடம் என்றால் 120. ஏழு என்றால் 5,040. இது கணிதம் தருவது. உறவினர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை எங்கே போகும் என்று கணிதம் சொல்வதில்லை.

எல்லாருடைய வரிசையிலும் அதே இடங்கள் வந்து கூட்டம் நெரிவதற்கு மேற்கு நாடுகள் கண்ட தீர்வு கதவைச் சிறிதாக்குவது. வெனிஸ் 2024 ஏப்ரல் 25 முதல் சில குறிப்பிட்ட நாள்களில், இரவு தங்காமல் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஏதென்ஸின் அக்ரோபோலிசுக்குள் போக இன்ன மணிக்கு என்று நேரம் குறித்த சீட்டு. நல்ல இடம் கொஞ்சம், ஆசைப்படுகிறவர் நிறைய. அப்போது என்ன செய்வது என்ற கேள்வியை அவர்கள் இப்போதுதான் சந்திக்கிறார்கள்.

பழவேற்காடு ஏரியில் இந்தக் கேள்வி பல தலைமுறைப் பழையது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீரோட்டம் பிடிக்கும் இடத்தில் கழி நட்டு வலை கட்டினால் இரவில் இறால் தானாக வந்து விழும். அப்படிப்பட்ட இடங்கள் சில. எல்லாருக்கும் அங்கேயே வலை கட்ட ஆசை. இதற்காக ஏற்பட்டதுதான் பாடு முறை. உரிமையுள்ளவர்கள் பெயரைச் சீட்டு எழுதிக் குலுக்கி, இன்ன நாள் இன்னார் இன்ன இடம் என்று முறை வைக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை கிடைக்காது. இன்று வெறுங்கூடையோடு வந்தவருக்கு நாளை மறுநாள் உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் இறாலுக்கு இப்படியே சீட்டுப் போட்டு முறை பார்க்கும் வழக்கம் இருக்கிறது.

பாடு முறையைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் ஒன்றை மறைக்கக்கூடாது. முறைக்குள் இருப்பவர்களுக்குத்தான் அது சமநீதி. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் என்று சில ஊர்ப் பட்டினவ மீனவர்களுக்கு வழிவழியாக உரிமை. ஏரியை நம்பிய மற்றவர்கள் வெளியே நின்றார்கள், சண்டையும் நடந்தது. முன்னே சொன்ன ஷெங்கனின் இலக்கணமும் இதுதான்.

ஒப்பீடு

ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்புக்கு இப்போது வருகிறோம். மத்தியதரைக்கடலின் கரையிலேயே பாடு முறை இருக்கிறது.

துருக்கியின் தெற்குக் கரையில் அலான்யா என்று ஓர் ஊர். அங்கே அப்போது ஏறக்குறைய நூறு மீனவர்கள், சின்னப் படகுகள். 1970களில் இடத்துக்காக அடித்துக்கொண்டு சலித்துப்போய் ஒரு முறை வகுத்தார்கள். மீன்பிடி இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்தார்கள், ஒருவர் வலை மற்றவர் வலைக்கு வரும் மீனை மறிக்காத இடைவெளியில். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று முடிவு. அதிலிருந்து ஜனவரிவரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் கிழக்கே ஓர் இடம் நகர வேண்டும். ஜனவரிக்குப் பிறகு நாளுக்கு ஓர் இடம் மேற்கே. வலசை போகும் மீன் ஒரு பருவத்தில் ஒரு திசையிலும் மறுபருவத்தில் எதிர்த்திசையிலும் ஓடுவதால், எல்லாருக்கும் எல்லா இடத்திலும் வாய்ப்பு. கையெழுத்திட்ட பட்டியல் நகரத் தலைவரிடமும் காவல் படையிடமும் போய்விடும். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் பொதுச் சொத்தை மக்களே கட்டிக்காப்பது பற்றி 1990இல் எழுதிய நூலில் இந்த அலான்யாவுக்குத் தனியிடம் கொடுத்தார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. பழவேற்காட்டுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

ஸ்பெயினில் வலென்சியாவுக்குத் தெற்கே அல்புஃபேரா காயல். அங்கே எல் பால்மர் என்னும் மீனவர் ஊரில் ஆண்டுக்கொரு முறை, யாருக்கு எந்த மீன்பிடி இடம் என்று சீட்டுப் போடுகிறார்கள். இடைக்காலத்திலிருந்து வரும் வழக்கம், உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு என்றிருந்தது. 1990களில் அவ்வூர்ப் பெண்கள் எங்களுக்கு ஏன் சீட்டில்லை என்று வழக்குப் போட்டு, வென்றார்கள். இந்தத் தகவல் பின்னால் நடக்கப்போவதற்கு முக்கியமானது.

ஆக, மத்தியதரைக்கடலில் பல இடப் பயணத்தை உண்மையிலேயே ஒழுங்காகத் திட்டமிட்டவர் சுற்றுலாப் பயணி அல்லர். நாளுக்கு ஓர் இடம் நகர்ந்த அலான்யா மீனவர்.

களச் சோதனை

சோதனைக்கு எடுத்துக்கொண்ட குடும்பம் எளாவூரில் குடியிருப்பது. சில தலைமுறைக்கு முன் ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து மேற்கே நகர்ந்தது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி எல்லாரையும் மத்தியதரைக்கடலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது துபாயில் வேலை பார்க்கும் மகனின் ஆசை, செலவும் அவனுடையது. ஸ்ரீசிட்டி தொழிற்சாலைக்குப் போய்வரும் மருமகனுக்குப் பார்சிலோனாவில் பந்தாட்ட மைதானம் பார்க்க வேண்டும். மகளுக்குச் சாண்டோரினியில் போட்டோ. அப்பாவுக்குக் கொலோசியம். அம்மா கேட்டது ரயிலில் ஜன்னல் சீட் மட்டும். அப்பாவின் அண்ணி, பிள்ளைகளுக்குப் பெரியம்மா, எதுவும் கேட்கவில்லை. அவரை யாரும் கேட்கவுமில்லை. இளவயதில் இறால் கூடையைத் தலையில் தூக்கிப் பொன்னேரிச் சந்தைக்கு நடந்தவர் அவர். ஆய்வாளர் இக்குடும்பத்துக்குப் பங்காளி முறை. ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மருமகன் எக்செல் தாளில் போட்ட திட்டங்கள் ஒவ்வொன்றும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் தோற்றன. அப்போது ஆய்வாளர் அலான்யா முறையை முன்மொழிந்தார். சீட்டில் வரும் வரிசைப்படி நாளுக்கு ஒருவர் ராஜா. அன்று எங்கே, எத்தனை மணிக்கு, எதைச் சாப்பிடுவது எல்லாம் அவர் சொல்வது. ஒரு சுற்று முடிந்ததும் வரிசை திரும்பிக் கடைசியில் நின்றவர் முதலில் வருவார். விழுந்த சீட்டைக் கலைக்கக்கூடாது. முதல் சீட்டு யாருக்கோ, அவர் கூடுதலாக ஓர் ஊரையும் சேர்க்கலாம்.

முறையை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அப்பா மூன்று சீட்டு எழுதினார்.

"குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டுதான் கணக்கு. இருந்தாலும் போகட்டும். நான், பையன், மாப்பிள்ளை. மூணு பேரு போதும்" என்றார்.

பெரியம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "தம்பி, கொஞ்சம் இரு. அந்த ஊர்ப் பொம்பளைங்க கோர்ட்டுக்குப் போயி சீட்டு வாங்கினாங்கன்னு இவன் சாப்பிடும்போது சொன்னானே, அது எந்த ஊரு?" என்றார்.

"எல் பால்மர்" என்றார் ஆய்வாளர், ஆய்வு நேர்மை கருதி.

"அந்த ஊருக்கு இருக்கிற வெவரம் நமக்கு இல்லியா? எனக்கும் ஒண்ணு எழுது."

"அக்காவுக்கு எழுதினா எனக்கும் எழுதணும்" என்றார் அம்மா. மகள் கேட்கவே இல்லை, தானே ஒரு தாளைக் கிழித்துத் தன் பெயரை எழுதிச் சொம்பில் போட்டுவிட்டாள். ஆறு சீட்டு. அப்பா குலுக்க, பேரப்பிள்ளை எடுத்தான். முதல் சீட்டு பெரியம்மாவுக்கு.

மகள் கைபேசியைத் திருப்பிச் சாண்டோரினி படத்தைக் காட்டினாள். தன் பக்கம் ஒரு வாக்கு கிடைக்கும் என்ற நம்பிக்கை அதில் தெரிந்தது. பெரியம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தண்ணிக்கு நடுவுல வெள்ளையடிச்ச வூடு. இதுக்கு எதுக்கும்மா ஏரோப்ளேன்? உங்க பெரியப்பா காலம் பூரா தண்ணியிலதான் கெடந்தாரு. நானும் கரையில நின்னு அந்தத் தண்ணியத்தான் பாத்துக்கினு இருந்தேன். தண்ணி இல்லாத ஊரா ஒண்ணு சொல்லு. சினிமாவுல புடவை கட்டிக்கினு பனியில ஆடுறாங்களே, அது எங்க இருக்குது?"

"சுவிட்சர்லாந்து, பெரியம்மா" என்றார் மருமகன். "கடலே கிடையாது."

"அதப் போடு. நாலு நாளு."

தீவு என்றால் ஓய்வு என்று எண்ணிச் சூத்திரத்தை எழுதியவர் கரையில் நின்று படகுக்குக் காத்திருந்தவர் அல்லர் என்பதை இவ்வாய்வு கவனத்தில் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. சூத்திரம் இப்போது பழைய நகரம் இரண்டு, பனிமலை ஒன்று, தீவு விருப்பப்பாடம் என்று திருத்தப்படுகிறது. சுவிட்சர்லாந்தும் ஷெங்கனுக்குள்தான் என்பதால் வேறு விசா தேவையில்லை. ஆனால் இத்தாலிக்கு மூன்று நாள், கிரேக்கத்துக்கு மூன்று நாள், சுவிட்சர்லாந்துக்கு நான்கு நாள் என்று வந்துவிட்டதால் மனுவை இனிமேல் சுவிட்சர்லாந்திடம்தான் கொடுக்க வேண்டும். இத்தாலிக்கென்று நிரப்பி வைத்திருந்த படிவங்களை மருமகன் மேசையிலிருந்து எடுத்துவிட்டு, பந்தாட்ட மைதானத்துக்கு எந்த நாளைக் குறைக்கலாம் என்று மறுபடி கூட்டிப் பார்க்கத் தொடங்கினார்.